பல்வலி நின்னுடுச்சா? இப்பத்தான் டாக்டரைப் பார்க்கணும்!

"ரெண்டு நாளா உயிர் போச்சு. இப்ப வலியே இல்ல, தானா சரியாயிடுச்சு!"

பல்வலி பற்றி நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர் நிம்மதியாகச் சொல்வார். கேட்பவரும் "அப்பாடா" என்பார். ஆனால், பல் விஷயத்தில் கவலைப்பட வேண்டிய நேரமே அதுதான். சொத்தைப் பல் தானாக ஆறுவதில்லை. வலித்துக்கொண்டிருந்த பல் சிகிச்சையே இல்லாமல் அமைதியானால், உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். வலியைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கிருமி அங்கேயேதான் இருக்கிறது.

இந்த வாரம் ஆர்.கே.பேட்டை பக்கம் போவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறி வேலை பார்க்காத இளைஞர்களில் பலர் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். இரண்டு வேலைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு நாள் போகவில்லை என்றால் அந்த நாளின் காசு போச்சு. தறியில் நெய்த துணிக்குத்தான் கூலி. அதனால், பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, அப்புறம் மெடிக்கல் ஷாப் மாத்திரை, அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் டாக்டர் என்று ஆகிவிடுகிறது. இது இந்த ஊருக்கு மட்டுமே உரிய பழக்கமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, வாய், பல் நோய்கள் உலகத்தில் சுமார் 350 கோடி பேருக்கு இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்!

ஒரு பல் கெட்டுப்போகும் கதை

பல்லின் மேல்பகுதி எனாமல். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதில் நரம்பு கிடையாது. அதனால் எனாமலில் சொத்தை விழும்போது உங்களுக்கு எதுவுமே தெரியாது. ஒரு கறுப்புப் புள்ளி, அல்லது வெள்ளையாக ஒரு திட்டு. அவ்வளவுதான்.

அடுத்த அடுக்கு டென்டின். சொத்தை இங்கே வந்ததும் பல் கூச ஆரம்பிக்கும். ஐஸ் வாட்டர், இனிப்பு, சூடான டீ பட்டால் சுரீர் என்கும். இந்தக் கட்டத்தில் பல் டாக்டரிடம் போனால் வேலை சுலபம். சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு சிமென்ட் வைத்து அடைப்பார். இதுதான் ஃபில்லிங். பெரும்பாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். சிகிச்சைகளில் செலவு குறைவானதும் இதுதான்.

இதையும் தள்ளிப்போட்டால் கிருமி பல்லின் நடுவில் இருக்கும் கூழுக்குள் போய்விடும். நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற இடம் அது. சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் உள்ளே வீங்க இடமில்லை. அதனால்தான் ராத்திரி படுத்தால் 'விண் விண்' என்று தெறிக்கிற அந்த வலி. இந்த நிலையில் ஃபில்லிங் பலன் தராது. பெரும்பாலும் ரூட் கெனால் செய்ய வேண்டியிருக்கும். கெட்டுப்போன கூழை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே தொப்பி போல ஒரு கேப் போடுவார்கள். ஒன்று முதல் மூன்று முறை வரை போக வேண்டியிருக்கலாம்.

இதற்கும் போகவில்லை என்றால்? சில நாளில் வலி நின்றுவிடும். கூழ் செத்துவிட்டது. கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கி, மெதுவாகச் சீழ் பிடிக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து ஒருநாள் காலையில் எழுந்தால் கன்னம் வீங்கியிருக்கும்.

ஒவ்வொரு படியிலும் செலவும் கூடுகிறது, லீவும் கூடுகிறது. "ஒரு நாள் கூலி போயிடும்" என்று ஃபில்லிங்கைத் தள்ளிப்போட்டவர், கடைசியில் ஒரு வாரக் கூலியை விட நேரும் கணக்கு இதுதான்.

108-க்கு எப்போது போன் செய்யணும்?

பல் சீழால் உயிருக்கே ஆபத்து வருமா? வரும். அடிக்கடி அல்ல, ஆனால் வரும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால், நாக்குக்குக் கீழேயும் கழுத்திலும் வீக்கம் பரவி மூச்சுப் பாதையையே அடைக்கக்கூடும். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

* தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுவது
* எச்சில் விழுங்கவே கஷ்டம், வாய் திறக்க முடியாமை
* நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, குரல் மாறுவது
* வீக்கத்துடன் காய்ச்சல், மூச்சுத் திணறல்

இதற்கு பல் கிளினிக் போதாது. 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கன்ன வீக்கத்தையே சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மெடிக்கல் ஷாப் மாத்திரை என்ன செய்யும்?

வலி மாத்திரை வலியை மறைக்கும், சொத்தையை அடைக்காது. தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பிரச்னையும் வரலாம். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். செத்துப்போன கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அங்கே மருந்து போய்ச் சேர்வதே கஷ்டம். வீக்கம் தற்காலிகமாகக் குறையும், மாத்திரை முடிந்ததும் திரும்பி வரும்.

கிராம்புக்கு ஒரு சின்ன மரியாதை கொடுக்கலாம். அதில் இருக்கும் யூஜெனால் என்ற பொருள் மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்களே சில சிமென்ட்டுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ராத்திரியைத் தாண்ட அது உதவும். காலையில் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

"பல் டாக்டர்கிட்ட போனாதான் பயமே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, திருப்பத்தூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள்.

வேலூர் சி.எம்.சி., தமிழக பொது சுகாதாரத் துறை உள்ளிட்ட அமைப்புகளின் நிபுணர்கள் இதை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாதான் காரணம். சலைன் பாட்டிலைச் சிகிச்சைக்கான கருவியாலேயே திறந்து, லேசாக அடைத்து வைத்து, மறுபடியும் மறுபடியும் அதையே பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு பாட்டில் சலைனில் காட்டிய அலட்சியம், எட்டுக் குடும்பங்களில் இழப்பு.

இதைப் படித்துவிட்டுச் சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தினமும் எத்தனையோ பேர் பல் பிடுங்கிக்கொண்டு, ரூட் கெனால் செய்துகொண்டு நலமாக வீடு திரும்புகிறார்கள். நாம் செய்ய வேண்டியது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போவது.

* சிகிச்சை தருபவர் பி.டி.எஸ். படித்துப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண் போர்டிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும்.
* கருவிகள் கிருமி நீக்கம் செய்த பாக்கெட்டில் இருக்க வேண்டும். உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லலாம்.
* ஊசியும் கிளவுஸும் புதிதாக இருக்க வேண்டும்.
* சலைன் பாட்டில் உங்களுக்காகத் திறந்ததா என்று கேட்கலாம்.

"டாக்டர், இது எனக்குப் புதுசா பிரிச்சதுதானே?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், வேறு கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளலாம். வாரச் சந்தையில் ஸ்டூல் போட்டுப் பல் கட்டுபவர்களிடம் வாயைத் திறக்கவே வேண்டாம்.

நீங்களும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு பிரச்னை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து அலர்ஜி, கர்ப்பம். கர்ப்பிணிகள் பல் சிகிச்சை செய்துகொள்ளலாம். நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலம்.

பல் பிடுங்கிய பிறகு...

வைத்த பஞ்சை முக்கால் மணி நேரமாவது அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுக்கத் துப்பாதீர்கள், வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு ஜூஸ் உறிஞ்சாதீர்கள். குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு இயற்கை போட்ட கட்டு. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, பல்வலியைவிட மோசமான வலி வரும். பீடி, சிகரெட்டுக்கும் இதே காரணத்துக்காகத் தடை. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

தூக்கத்தை விரட்டும் பொட்டலம்

நைட் ஷிஃப்ட்டில் கண் சொக்கும். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியாது. அப்போது துணைக்கு வருவது உதட்டுக்குள் ஒதுக்கும் ஹான்ஸ், மாவா, கூல் லிப். 2016-17-ல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், இந்தியாவில் பெரியவர்களில் 21.4 சதவிகிதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013-ல் தடை போட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தது. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கோர்ட்டில் நடந்தது இப்படி. பெட்டிக்கடையில் கேட்கிற விதத்தில் கேட்டால் பொட்டலம் இன்னும் கிடைக்கிறது.

"நான் புகையிலை போடல, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்கு தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உள்தசை நார்போல் இறுகும். காரக் குழம்பு பட்டால் எரியும். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். இதிலிருந்து சிலருக்குப் புற்றுநோய் வரலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வையுங்கள். மூன்று விரலும் போகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்படியே கண்ணாடி முன் நின்று, போன் டார்ச் அடித்து, நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, கன்னத்தின் உள்பக்கம், பொட்டலம் ஒதுக்கும் இடம் எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் வாய்ப் புற்றுநோய்க்கு வலியே இருக்காது. இங்கேயும் 'வலிக்கலையே' என்ற பேச்சை நம்பக் கூடாது. அரசுத் தரப்பில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

விட நினைக்கிறவர்களுக்கு இலவச எண்: 1800-112-356. தேசிய அளவிலான புகையிலை மீட்பு உதவி எண் இது.

தறிக்காரர்களுக்கு இரண்டு விஷயம்

ஒன்று, நூல். அறுந்த இழையை முடிந்து மிச்சத்தைப் பல்லாலேயே கடித்து அறுப்பது கை வந்த பழக்கம். தையல் வேலை செய்யும் அக்காக்களுக்கும் இது உண்டு. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கடித்தால் முன்பல்லின் நுனியில் பள்ளம் விழும், பிறகு விரிசல் விடும். ஒரு சின்னக் கத்தரியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்வது, பல்லுக்கான மலிவான இன்ஷூரன்ஸ்.

இரண்டு, அடி. நாடா தெறித்தோ பைக்கிலிருந்து விழுந்தோ முன்பல் வேரோடு வந்துவிட்டால், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, பாலிலேயே போட்டு எடுத்துக்கொண்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. இது குழந்தைகளின் பால் பல்லுக்குப் பொருந்தாது. பால் பல்லைத் திரும்ப வைக்க மாட்டார்கள்.

டீ எத்தனை? அதுதான் கேள்வி

ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் வாயில் இருக்கும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணிக்கொரு டீ, கூடவே பிஸ்கட் என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை. டீயைக் குறைக்க முடியாவிட்டால் குடித்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள்.

தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அதனால்தான் படுக்கும் முன் பல் தேய்ப்பது காலைத் தேய்ப்பைவிட முக்கியம். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு அந்தக் காலை நேரம்தான் 'ராத்திரி பிரஷ்'. இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். சாம்பல், செங்கல் தூள், உப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் எனாமலே தேயும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு. இன்னொன்று, ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும் விடு" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. ஆயுளுக்கும் அதுதான். முதலில் சொத்தையாகிற நிரந்தரப் பல்லும் பெரும்பாலும் அதுதான்.

இதையெல்லாம் நம்பாதீங்க

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது. இரண்டின் நரம்பும் வேறு. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடாது. ஈறு ஏற்கெனவே இறங்கிப்போய், காரைதான் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவது சாதாரணம் இல்லை. அது ஈறு நோயின் முதல் தகவல். சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று கூட்டிவிடும் என்பதால், சர்க்கரை உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறைக் காட்டுவது நல்லது.

காசு இல்லையா? எங்கே போகலாம்?

ஆர்.கே.பேட்டை பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருத்தணி அரசு மருத்துவமனையும், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. சிக்கலான சிகிச்சைக்கு, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-லிருந்து இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டாக இருந்தாலும் ஒரகடமாக இருந்தாலும் பல் சிகிச்சை உங்கள் உரிமை. குடும்பத்துக்கும் சேர்த்து. பல் பிரிவு எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதை 104-க்கு போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டில் யாராவது "அந்தப் பல்லு முன்னாடி வலிச்சுது, இப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறாரா? யோசித்துப் பாருங்கள். அது அப்பாவாக இருக்கலாம், தறியில் நிற்கும் அண்ணனாக இருக்கலாம். வீக்கம் வரும் முன், அடுத்த லீவு நாளிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.